கோவிட்-19 பெருந்தொற்றுக் கால அமெரிக்க மாணவர் நுழைவிசைவு விதிகள்

கோவிட்-19 பெருந்தொற்றுக் கால அமெரிக்க மாணவர் நுழைவிசைவு விதிகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் கல்வி கற்ற வெளிநாட்டு மாணவர்களின் வருகை, தங்கல், இணையவழிப் படிப்பு ஆகியவற்றின் மீது 2020 மார்ச் முதல் 2023 மே வரை நடைமுறையில் இருந்த தற்காலிகத் தளர்வுகளும் கட்டுப்பாடுகளும் ஆகும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொட்ட இத்தளர்வுகள் சட்டத் திருத்தமாகக் கொண்டுவரப்படவில்லை. அவை ஓர் அரசு முகமை வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகளாகவே இருந்தன. இதனால் 2020 ஜூலை 6 அன்று அவற்றை ஒரே அறிவிப்பில் மாற்ற முடிந்தது. வழக்குத் தொடரப்பட்டதும் எட்டே நாட்களில் அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. இதே காலத்தில் எச்-1பி போன்ற தற்காலிகப் பணி நுழைவிசைவுகளும் அதிபர் பிரகடனங்களால் நிறுத்தி வைக்கப்பட்டன.

நுழைவிசைவும் தங்குநிலையும்

விசா எனப்படும் நுழைவிசைவும் தங்குநிலையும் அமெரிக்கச் சட்டத்தில் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறிந்தால்தான் பெருந்தொற்றுக் கால விதிகளைப் புரிந்துகொள்ள இயலும்.

நுழைவிசைவு என்பது கடவுச்சீட்டில் ஒட்டப்படும் ஆவணம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் கீழுள்ள தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் இதனை வழங்குகின்றன. எல்லையில் வந்து நின்று உள்ளே நுழைய அனுமதி கேட்பதற்கு மட்டுமே இது பயன்படும். தங்குநிலை என்பது உள்ளே வந்தபின் ஒருவர் சட்டப்படி அங்கு இருப்பதற்கான நிலை. இது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் உள்ளது. நுழைவிசைவு காலாவதியான பின்னரும் ஒருவருடைய தங்குநிலை செல்லுபடியாகும். ஆனால் அவர் நாட்டை விட்டு வெளியேறினால், திரும்பி வரப் பொதுவாகப் புதிய நுழைவிசைவு வேண்டும். அமெரிக்காவில் வாழும் இந்தியர்கள் 'ஸ்டாம்பிங்' என்று குறிப்பிடுவது இதனையே ஆகும்.

மாணவர்களுக்கான முதன்மை வகைகள் மூன்று:

எஃப்-1: பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி, மொழிப் பயிற்சி ஆகியவற்றுக்கானது.
எம்-1: தொழிற்கல்விக்கானது.
ஜே-1: பரிமாற்றத் திட்டங்களுக்கானது.

எஃப்-1, எம்-1 மாணவர்களைக் கண்காணிப்பது, குடிவரவு மற்றும் சுங்க அமலாக்க முகமையின் (ஐஸ்) கீழ் இயங்கும் மாணவர் மற்றும் பரிமாற்றப் பயணியர் திட்டம் ஆகும். மாணவர்களின் விவரங்கள் செவிஸ் என்னும் கணினித் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. மாணவர் எந்தக் கல்வி நிறுவனத்தில், எந்தப் படிப்பில், எவ்வளவு காலத்துக்குச் சேர்ந்துள்ளார் என்பதை ஐ-20 என்னும் படிவம் சான்றுரைக்கிறது. செவிஸ் பதிவு முடித்து வைக்கப்பட்டால் மாணவர் தம் தங்குநிலையை இழப்பார்.

இணையவழி வகுப்பு வரம்பு

எஃப்-1 மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் முழுநேரப் படிப்பை மேற்கொள்ள வேண்டும். இளநிலை மாணவருக்கு இது பொதுவாகக் கிரெடிட் எனப்படும் பாட அலகுகள் 12 ஆகும். இவற்றுள் இணையவழியில் பயிலக்கூடியது ஒரே ஒரு பாடம், அல்லது 3 பாட அலகுகள் மட்டுமே என்று கூட்டரசு ஒழுங்குவிதி கூறுகிறது. மொழிப் பயிற்சி மாணவர்களுக்கும் எம்-1 மாணவர்களுக்கும் இச்சலுகையும் கிடையாது.

இவ்விதி 2002 டிசம்பரில் வெளியிடப்பட்டது. 1993 ஆம் ஆண்டு நியூயார்க் உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்பில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் மாணவர் நுழைவிசைவில் வந்தவர். அதன்பின் 1996 இல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய தகவல்களை மின்னணு முறையில் திரட்ட ஆணையிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு இப்பணி விரைவுபடுத்தப்பட்டது. வகுப்பறைக்கு வராமல் பெயரளவில் பதிவு செய்துகொண்டு நாட்டில் தங்குவதைத் தடுப்பதே இணையவழி வரம்பின் நோக்கம். வகுப்பறைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்படும் சூழ்நிலையை விதி எழுதப்பட்ட காலத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை.

2020 மார்ச் தளர்வுகள்

2020 மார்ச் முதல் வாரத்திலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து இணையவழி வகுப்புகளுக்கு மாறின. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், அந்த வாரமே பல இலட்சம் மாணவர்கள் தங்குநிலையை இழந்திருக்க வேண்டும். இதனைத் தவிர்க்க மார்ச் 9, மார்ச் 13 ஆகிய நாட்களில் மாணவர் மற்றும் பரிமாற்றப் பயணியர் திட்டம் வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது. அவற்றின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்கள், இணையவழி வகுப்புகளை முழுநேரப் படிப்பாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.
மாணவர் அமெரிக்காவில் இருந்தாலும் தாய்நாடு திரும்பியிருந்தாலும் இத்தளர்வு பொருந்தும்.
கல்வி நிறுவனங்கள் தம் நடைமுறை மாற்றங்களைப் பத்து அலுவல் நாட்களுக்குள் திட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டில் ஐந்து மாதங்களுக்கு மேல் இருக்கும் மாணவரின் தங்குநிலை முடிவுறும் என்ற பொது விதியும், இணையவழியில் படிப்பைத் தொடர்ந்தவர்களுக்குத் தளர்த்தப்பட்டது. இத்தளர்வுகள் நெருக்கடி நீடிக்கும் வரை நடப்பில் இருக்கும் என்று மார்ச் 13 குறிப்பு கூறியது. இவ்வாசகமே பின்னர் வழக்கின் மையப் பொருளாயிற்று.

பல மாணவர்களுக்குத் தாய்நாடு திரும்புவதும் இயலாததாக இருந்தது. இந்தியா 2020 மார்ச் 22 நள்ளிரவுக்குப் பின்னர் பன்னாட்டுப் பயணியர் வானூர்திகளைத் தரையிறங்க அனுமதிக்கவில்லை. வந்தே பாரத் திட்டத்தின் கீழ் வெளிநாடு வாழ் இந்தியர்களை அழைத்து வரும் சிறப்பு வானூர்திகள் மே 7 அன்றுதான் தொடங்கின. விடுதிகள் மூடப்பட்ட நிலையில், வளாகத்திலும் இருக்க முடியாமல் ஊருக்கும் போக முடியாமல் இடையில் பல வாரங்களைக் கழித்தவர்கள் ஏராளம். மார்ச் 27 அன்று சட்டமான கேர்ஸ் நிவாரணச் சட்டத்தின் கீழான 1,200 டாலர் உதவித்தொகையும் பெரும்பாலான எஃப்-1 மாணவர்களுக்கு உரியதன்று. வந்து சேர்ந்த முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் அவர்கள் வருமான வரிச் சட்டப்படி குடியிராத அயலார் ஆவர் என்பதே இதன் காரணம்.

2020 ஜூலை 6 அறிவிப்பு

2020 ஜூலை 6 அன்று, இலையுதிர்ப் பருவத்துக்கான புதிய விதிகளை ஐஸ் முகமை அறிவித்தது. கல்வி நிறுவனங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன.

முழுதும் இணையவழியில் இயங்குபவை: இவற்றின் மாணவர்கள் அமெரிக்காவில் தங்க முடியாது. அவர்களுக்கு நுழைவிசைவு வழங்கப்பட மாட்டாது. எல்லையிலும் அனுமதி கிடைக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், அல்லது நேரடி வகுப்பு நடத்தும் வேறொரு நிறுவனத்துக்கு மாற வேண்டும்.

வழக்கம்போல நேரடி வகுப்பு நடத்துபவை: பழைய வரம்பான ஒரு பாடம் அல்லது 3 பாட அலகுகள் பொருந்தும்.

இரண்டையும் கலந்து நடத்துபவை: மாணவர் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களை இணையவழியில் பயிலலாம். ஆனால் அவருடைய படிப்பு முழுதும் இணையவழியில் இல்லை என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே ஐ-20 படிவத்தில் கல்வி நிறுவனம் சான்றளிக்க வேண்டும்.

முழுதும் இணையவழிக்கு மாறும் நிறுவனங்கள் ஜூலை 15க்குள்ளும் பிற நிறுவனங்கள் ஆகஸ்ட் 1க்குள்ளும் தம் திட்டத்தைத் தெரிவிக்க வேண்டும் எனவும், ஐ-20 படிவங்கள் ஆகஸ்ட் 4க்குள் மீண்டும் வழங்கப்பட வேண்டும் எனவும் கூறப்பட்டது. பருவத்தின் நடுவே நோய் பரவி ஒரு நிறுவனம் இணையவழிக்கு மாற நேரிட்டால், அதன் மாணவர்களுக்கும் இதே விதி பொருந்தும் என்பது மிகுந்த அச்சத்தை உண்டாக்கியது. எடுத்துக்காட்டாக, அக்டோபரில் வளாகம் மூடப்பட்டால், அப்போது அங்கிருக்கும் மாணவர் நடுப் பருவத்தில் நாடு திரும்ப வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்தே இணையவழியில் பயில்வோரின் செவிஸ் பதிவு தொடரும் என்று அறிவிப்பு கூறியது. எனினும் இந்தியாவிலிருந்து பயில்பவருக்கு, கலிபோர்னியாவில் முற்பகல் 11 மணிக்குத் தொடங்கும் வகுப்பு இரவு 11.30 மணிக்கு நடைபெறும்.

இம்மாற்றம் கல்வி நிறுவனங்களைத் திறக்க ஊக்கமளிக்கும் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அப்போதைய பொறுப்புத் துணைச் செயலர் கென் குச்சினெல்லி தொலைக்காட்சி நேர்காணலில் தெரிவித்தார். இலையுதிர்ப் பருவத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கப்பட வேண்டும் என்று அதிபர் டோனால்ட் டிரம்ப் அந்நாட்களில் வலியுறுத்தி வந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

வழக்கு

ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் (எம்ஐடி) ஜூலை 8 அன்று பாஸ்டனிலுள்ள கூட்டரசு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. தன் அனைத்து வகுப்புகளும் இணையவழியில் நடைபெறும் என்று ஹார்வர்ட் அறிவித்ததும் அதே ஜூலை 6 அன்றுதான். வழக்கை நீதிபதி ஆலிசன் பரோஸ் விசாரித்தார்.

வழக்கு 1946 ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அரசு முகமைகள் காரணமின்றித் தன்விருப்பப்படி முடிவெடுப்பதை இச்சட்டம் தடை செய்கிறது. ஒரு முடிவை மாற்றும்போது, பழைய முடிவை நம்பிச் செயல்பட்டவர்களின் நிலையை முகமை கருத்தில் கொள்ள வேண்டும். டாகா எனப்படும் குழந்தைப் பருவக் குடிவரவாளர் திட்டத்தை நீக்கியது தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 18 அன்று அளித்த தீர்ப்பும் இக்கோட்பாட்டை வலியுறுத்தியிருந்தது.

இரு தரப்பு வாதங்களையும் பின்வருமாறு சுருக்கலாம். நெருக்கடி நீடிக்கும் வரை தளர்வு இருக்கும் என்று அரசே கூறியதை நம்பித் தாங்கள் இலையுதிர்ப் பருவத்தைத் திட்டமிட்டதாகப் பல்கலைக்கழகங்கள் கூறின. நெருக்கடி தீராத நிலையில், மாணவர்களின் உடல்நலத்தையோ வெளியேறுவதில் உள்ள இடர்களையோ கருதாமல் அரசு முடிவை மாற்றியது என்பது அவற்றின் வாதம். மார்ச் தளர்வு தற்காலிகமானது, ஜூலை அறிவிப்பும் மூல விதியை விடத் தாராளமானது, விதியை எவ்வளவு தளர்த்துவது என்பது முகமையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பவை அரசின் வாதங்கள். விதியின் எழுத்தை மட்டும் நோக்கினால் அரசின் வாதத்தில் பொருள் இருந்தது. நான்கு மாதமாக அத்தளர்வை நம்பி வாடகை ஒப்பந்தம் போட்டவர்களையும் கட்டணம் செலுத்தியவர்களையும் அது கணக்கில் கொள்ளவில்லை என்பதே எதிர்த்தரப்பின் வலுவாக இருந்தது.

கலிபோர்னியா மாநிலமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் தனித்தனியே வழக்குத் தொடர்ந்தன. ஜூலை 13 அன்று 17 மாநிலங்களும் கொலம்பியா மாவட்டமும் இணைந்து மற்றொரு வழக்கைத் தாக்கல் செய்தன. கூகுள், மைக்ரோசாப்ட், பேஸ்புக் முதலிய நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களுக்கு ஆதரவாக நீதிமன்றத்தை அணுகின.

ஜூலை 14 அன்று இடைக்காலத் தடை குறித்த விசாரணை தொடங்கியவுடன், ஜூலை 6 அறிவிப்பைத் திரும்பப் பெற்று மார்ச் வழிகாட்டுதலுக்குத் திரும்ப அரசு ஒப்புக்கொண்டுள்ளதாக நீதிபதி அறிவித்தார். விசாரணை ஐந்து நிமிடங்களுக்குள் முடிவுற்றது. இதனால் அறிவிப்பு சட்டப்படி செல்லுமா என்னும் கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 9 என்னும் எல்லைக்கோடு

வழக்கின் முடிவு எல்லா மாணவர்களுக்கும் பயன்படவில்லை. ஜூலை 24 அன்று வெளியான விளக்கம், மாணவர்களை 2020 மார்ச் 9 என்னும் நாளைக் கொண்டு இரண்டாகப் பிரித்தது. அந்நாளில் அமெரிக்கக் கல்வி நிறுவனம் ஒன்றில் பயின்று கொண்டிருந்தவர்கள், வகுப்புகள் முழுதும் இணையவழியில் நடந்தாலும் நாட்டில் தங்கலாம். அந்நாளுக்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்கள், முழுதும் இணையவழியில் அமைந்த படிப்புக்காக நாட்டுக்குள் நுழைய முடியாது. மார்ச் மாத வழிகாட்டுதல் ஏற்கெனவே பயில்வோருக்காக எழுதப்பட்டது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம்.

இதன் விளைவாக, ஒரே வகுப்பில் ஒரே பேராசிரியரிடம் பயின்ற இரு மாணவர்களுள் ஒருவர் பாஸ்டனிலும் மற்றவர் சென்னையிலும் இருந்து இணைய நேர்ந்தது. புதிய மாணவர்களுள் பலர் சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைத்தனர். செவிஸ் கட்டணம் 350 டாலரும் நுழைவிசைவுக் கட்டணம் 160 டாலரும் செலுத்தியும் துணைத் தூதரக நேர்காணல் கிடைக்காமல் காத்திருந்தவர்களும் இருந்தனர். நேரடி வகுப்பு ஒன்றையாவது கொண்ட கலப்பு முறையைச் சில பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர்களுக்காகவே அமைத்தன.

தூதரகப் பணிகள் நிறுத்தம்

2020 மார்ச் 20 அன்று உலகெங்கும் உள்ள தன் தூதரகங்களில் வழக்கமான நுழைவிசைவுப் பணிகளை அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்தியது. சென்னை உள்ளிட்ட இந்தியத் துணைத் தூதரகங்களில் இப்பணிகள் மார்ச் 16 முதலே நிறுத்தப்பட்டிருந்தன. ஜூலையில் படிப்படியான மீள்தொடக்கம் அறிவிக்கப்பட்டது. மாணவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது.

தேங்கிய விண்ணப்பங்களைக் குறைக்க, 'டிராப்பாக்ஸ்' என்று இந்தியாவில் அழைக்கப்படும் நேர்காணல் விலக்கு விரிவாக்கப்பட்டது. முன்னர் நுழைவிசைவு காலாவதியாகி 12 மாதங்களுக்குள் அதே வகையில் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் இவ்விலக்கு இருந்தது. 2020 ஆகஸ்டில் இக்காலம் 24 மாதங்களாகவும் 2021 மார்ச்சில் 48 மாதங்களாகவும் உயர்த்தப்பட்டது. 2025 இல் இவ்விலக்கு மீண்டும் பெருமளவு சுருக்கப்பட்டது.

தற்காலிகப் பணி நுழைவிசைவுகள்

மாணவர் நுழைவிசைவுகளைத் தளர்வுகள் காத்தன என்றால், பணி நுழைவிசைவுகளில் இதற்கு நேர்மாறான நிலை காணப்பட்டது. 2020 ஜூன் 22 அன்று அதிபர் டிரம்ப் வெளியிட்ட 10052 ஆம் பிரகடனம், எச்-1பி, எச்-2பி, எல் வகைகளையும் ஜே-1 இன் சில பிரிவுகளையும் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நிறுத்தி வைத்தது. பெருந்தொற்றால் வேலையிழந்த அமெரிக்கர்களைக் காப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இது பின்னர் 2021 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டு, அந்நாளில் காலாவதியானது. இடையில் 2020 அக்டோபர் 1 அன்று கலிபோர்னியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று, வழக்குத் தொடர்ந்த வணிக அமைப்புகளின் உறுப்பினர்களைப் பொறுத்தமட்டில் இத்தடைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

பிரகடனம் நடைமுறைக்கு வந்த நாளில் அமெரிக்காவுக்கு வெளியே, செல்லுபடியாகும் நுழைவிசைவு இன்றி இருந்தவர்களுக்கே இது பொருந்தியது. எனவே அமெரிக்காவில் இருந்தவரின் பணி தொடர்ந்தது. பெற்றோரைக் காணவோ ஸ்டாம்பிங்கிற்காகவோ இந்தியா வந்தவர் இங்கேயே தங்க நேர்ந்தது. அவருடைய வேலை, வீடு, சில நேர்வுகளில் வாழ்க்கைத்துணையும் குழந்தைகளும் அங்கே இருந்தனர்.

அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. பணிநீக்கம் செய்யப்பட்ட எச்-1பி பணியாளர் 60 நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது வேறு தங்குநிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். பெருந்தொற்றின்போதும் இக்காலம் நீட்டிக்கப்படவில்லை. இந்தியாவுக்கு வானூர்தி இல்லாத 2020 ஏப்ரலில் வேலையிழந்தவருக்கு மூன்றாவது வழியும் அடைபட்டிருந்தது. வந்தே பாரத் வானூர்திகள் தொடங்கிய பின்னரும், அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த குழந்தைகளை இந்தியாவுக்கு அழைத்து வருவதில் தடை நீடித்தது. வெளிநாட்டு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை எனப்படும் ஓசிஐ அட்டையின் பயணச் சலுகையை இந்தியா நிறுத்தி வைத்திருந்ததே இதன் காரணம். இந்தியப் பெற்றோரின் சிறு வயதுக் குழந்தைகளுக்கு 2020 மே 22 அன்று விலக்கு அளிக்கப்பட்டது.

படிப்பு முடித்து ஓபிடி எனப்படும் விருப்பச் செய்முறைப் பயிற்சியில் இருந்த எஃப்-1 மாணவர்களுக்கும் இதையொத்த நிலையே இருந்தது. முதல் 12 மாதப் பயிற்சிக் காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தல் கூடாது என்னும் வரம்பு நீக்கப்படவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாகப் பணியாற்றுவதும் வேலையாகவே கருதப்படும் என்பது மட்டும் தளர்வாகக் கிடைத்தது.

2021 இந்தியப் பயணத் தடை

இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அதிபர் ஜோ பைடன் 2021 ஏப்ரல் 30 அன்று வெளியிட்ட 10199 ஆம் பிரகடனம், முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த, அமெரிக்கக் குடியுரிமையும் நிரந்தர வதிவுரிமையும் இல்லாத பெரும்பாலான பயணிகள் நுழைவதை மே 4 முதல் தடை செய்தது. ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பின் படிப்பு தொடங்கும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்கள் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னர் நுழையலாம். அவ்வாண்டின் மாணவர் பருவத்தில் 55,000க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களுக்கும் பரிமாற்றப் பயணியருக்கும் நுழைவிசைவு வழங்கியதாக அமெரிக்கத் தூதரகம் அறிவித்தது.

அவ்வாண்டு மாணவர்கள் எதிர்கொண்ட மற்றொரு சிக்கல் தடுப்பூசி ஆகும். கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் மீண்டும் வேறு தடுப்பூசி போட வேண்டும் என்று சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோரின. உலக சுகாதார அமைப்பு 2021 நவம்பர் 3 அன்று கோவாக்சினுக்கு அவசரகாலப் பயன்பாட்டு ஏற்பு வழங்கியது. நவம்பர் 8 அன்று நாடுவாரியான பயணத் தடைகள் நீக்கப்பட்டு, வானூர்திப் பயணிகளுக்கான தடுப்பூசிக் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது.

மாணவர் எண்ணிக்கையில் ஏற்பட்ட விளைவு

பன்னாட்டுக் கல்வி நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓப்பன் டோர்ஸ் அறிக்கையின்படி மாணவர் எண்ணிக்கை பின்வருமாறு மாறியது:

2019–20: மொத்தம் 10,75,496, இந்தியர் 1,93,124
2020–21: மொத்தம் 9,14,095, இந்தியர் 1,67,582
2021–22: மொத்தம் 9,48,519, இந்தியர் 1,99,182
2022–23: மொத்தம் 10,57,188, இந்தியர் 2,68,923

2020–21 இல் மொத்த எண்ணிக்கை 15 விழுக்காடு குறைந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ 46 விழுக்காடு குறைந்தது. மார்ச் 9 எல்லைக்கோடும் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டதும் புதியவர்களையே கூடுதலாகப் பாதித்தன என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகும். வெளிநாட்டு மாணவர்களால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த தொகை, நாஃப்சா அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2018–19 இல் ஏறத்தாழ 41 பில்லியன் டாலரிலிருந்து 2020–21 இல் 28.4 பில்லியன் டாலராகக் குறைந்தது.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் அல்லாதோருக்குத் தன் எல்லையை மூடியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு எல்லை பொதுவாகத் திறக்கப்பட்டது 2021 டிசம்பர் 15 அன்றுதான். பணியாளர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, மாணவர்கள் இரு வாரங்களில் 40 மணி நேரமே வேலை செய்யலாம் என்ற வரம்பு 2022 ஜனவரியில் முழுமையாக நீக்கப்பட்டது. 2023 ஜூலை 1 முதல் அது 48 மணி நேரமாக மீண்டும் கொண்டுவரப்பட்டது.

கனடா, வெளிநாட்டிலிருந்து இணையவழியில் பயின்ற காலத்தையும் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதிக்கான தகுதியில் சேர்த்துக்கொண்டது.

சீனா வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. இந்தியர்களுக்கு மாணவர் நுழைவிசைவு வழங்குவதை 2022 ஆகஸ்ட் 24 அன்று மீண்டும் தொடங்கியது. இணையவழியில் மட்டும் பெறும் மருத்துவக் கல்வியை இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கவில்லை. ஆகவே சீனாவில் மருத்துவம் பயின்ற தமிழக மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர், படிப்பைத் தொடர்ந்தும் அதன் பயன் உறுதியாகாத நிலையில் இருந்தனர்.

தளர்வுகளின் முடிவு

மார்ச் 2020 வழிகாட்டுதல் 2020–21, 2021–22, 2022–23 ஆகிய கல்வியாண்டுகளுக்கு அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. பொதுச் சுகாதார நெருக்கடி நிலை 2023 மே 11 அன்று முடிவுற்றதோடு இத்தளர்வுகளும் முடிவுக்கு வந்தன. அப்போது பயின்று கொண்டிருந்தவர்கள் அவ்வாண்டின் கோடைப் பருவம் முடியும் வரை அவற்றைப் பயன்படுத்தலாம் என அனுமதிக்கப்பட்டனர். பயணிகளுக்கான தடுப்பூசிக் கட்டாயமும் அதே நாளுடன் முடிந்தது.

இம்மூன்றாண்டுகளிலும் 2002 ஆம் ஆண்டின் இணையவழி வரம்பு திருத்தப்படவில்லை. பெருந்தொற்று போன்ற நெருக்கடிகளுக்கான விதிவிலக்கு எதுவும் அதில் சேர்க்கப்படவும் இல்லை. ஆகவே 2023 இலையுதிர்ப் பருவத்தில் சேர்ந்த மாணவருக்குப் பொருந்தியது, 2020 மார்ச் 9க்கு முந்தைய நாளில் இருந்த அதே விதி: ஒரு பாடம், அல்லது 3 பாட அலகுகள். வளாகங்கள் மீண்டும் மூடப்படும் நிலை ஏற்பட்டால், மாணவர்களின் தங்குநிலை மற்றொரு வழிகாட்டுக் குறிப்பையே சார்ந்திருக்கும். அக்குறிப்பையும் அதனை வெளியிடும் முகமையே மாற்ற இயலும்.